ஊசி வேண்டாம் என்ற அமெரிக்கப் படைவீரருக்குச் சட்டம் எதுவரை துணை வரும்?

அமெரிக்கப் படையில் இருக்கும் ஒருவர் "எனக்கு இந்தத் தடுப்பூசி வேண்டாம்" என்று சொன்னால், அப்படிச் சொன்னதற்காகவே அவரைக் காப்பாற்றும் சட்டம் எதுவும் இல்லை. சட்டத்தில் இருப்பவை வேறு. மருந்துக்கு முழு உரிமம் இருக்கிறதா என்ற கேள்வி ஒன்று. மருத்துவ விலக்கு, மத விலக்கு இரண்டும் உண்டு. வெளியே அனுப்புவதற்கு முன் விசாரணை உண்டு, அனுப்பிய பிறகு ஆவணத்தைத் திருத்திக்கொள்ள வாரியம் உண்டு. எல்லாமே தாளில் ஓடும் விஷயங்கள். மறுப்பதற்கு முன் தாள் போய்ச் சேர்ந்திருந்தால் சட்டம் ஓரளவு கூட நிற்கும். முதலில் மறுத்துவிட்டுப் பிறகு மனு எழுத உட்கார்ந்தவர்களுக்கு அது பெரும்பாலும் நிற்கவில்லை. கொரோனா ஊசி ஆணை நடந்த பதினாறு சொச்ச மாதங்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியே அனுப்பப்பட்டார்கள். யாருக்கு என்ன கிடைத்தது என்பதைப் பார்த்தால் இந்த வரிசையின் முக்கியத்துவம் புரியும்.

முதலில் ஆணையின் பலம். ராணுவ நீதிச் சட்டத்தில், மேலதிகாரி கொடுக்கும் ஆணை சட்டப்படியானது என்றே எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று காட்டும் பொறுப்பு மறுப்பவருடையது. பிரிவு 92 ஆணைக்குக் கீழ்ப்படியாததைப் பற்றியது. சாதாரண ஆணை என்றால் அதிகபட்சம் 6 மாதச் சிறையும் கெட்ட பெயரோடு வெளியேற்றமும். பொது ஆணை என்றால் 2 ஆண்டு. மேலதிகாரி நேருக்கு நேர் சொல்லி, வேண்டுமென்றே மறுத்தால் பிரிவு 90. போர் இல்லாத காலத்திலும் 5 ஆண்டு வரை போகலாம். கொரோனா ஊசி விவகாரத்தில் இந்த உச்சத்துக்கு யாரும் போகவில்லை. நிர்வாக வழியில் ஆட்களை அனுப்புவது படைக்கு எளிது என்பதுதான் காரணம். ஆனாலும் கத்தி உறைக்குள்ளே இருந்தது என்பதை மறக்கக்கூடாது.

2022-ல் ராணுவத்தில் ஒரு லெப்டினன்ட் கோர்ட் மார்ஷல் என்ற ராணுவ நீதிமன்ற விசாரணையில் குற்றவாளி என்று தீர்ப்பானார். (நீதிபதி தண்டனை எதுவும் விதிக்கவில்லை. 2025-ல் அதிபர் மன்னிப்பும் கொடுத்துவிட்டார்.) ஆனால் வழக்கு ஊசியைப் பற்றியதே இல்லை. பரிசோதனை செய்துகொள்ளாதது, முகக்கவசம் போடாதது பற்றியது. பலர் சறுக்கிய இடம் இதுதான். ஊசி விலக்கு மனு நிலுவையில் இருந்தால் ஊசி மட்டும்தான் நிறுத்திவைக்கப்படும். பரிசோதனை, முகக்கவசம், தள்ளி இருப்பது, எங்கே போகலாம் எங்கே போகக்கூடாது என்பது எல்லாம் தனித்தனி ஆணைகள். ஒன்றுக்கு மனு கொடுத்தால் மற்றவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்ததாக ஆகாது.

இனி மருந்தின் உரிமம். இதுதான் உண்மையிலேயே பல்லுள்ள பாதுகாப்பு, அதே சமயம் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் இதுவே. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10-ஆம் தலைப்பில் 1107, 1107ஏ என்று இரண்டு பிரிவுகள். முதலாவது சோதனை நிலையில் இருக்கும் மருந்துக்கு. வீரரின் முன்சம்மதம் இல்லாமல் கொடுக்கக்கூடாது. இரண்டாவது அவசரகால அனுமதியில் மட்டும் வந்த மருந்துக்கு; "ஏற்கவோ மறுக்கவோ உரிமை உண்டு" என்ற நிபந்தனை படைவீரருக்கும் பொருந்தும். இந்த உரிமையை நீக்கும் அதிகாரம் அதிபர் ஒருவருக்குத்தான், அதுவும் தேசப் பாதுகாப்புக் காரணத்தை எழுத்தில் வைத்து. பாதுகாப்புச் செயலராலேயே முடியாது என்றால் பட்டாலியன் கமாண்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆந்த்ராக்ஸ் ஊசிதான் இதற்கான பழைய பாடம். 1998-ல் தொடங்கிய திட்டம். 18 மாதத்தில் 6 டோஸ். மருந்துக்கு உரிமம் இருந்தது உண்மை, ஆனால் மூச்சு வழியாகத் தாக்கும் ஆந்த்ராக்ஸுக்கு அது அனுமதிக்கப்பட்டதா என்பதுதான் தகராறு. 2003 டிசம்பர் 22-ல் வாஷிங்டன் மாவட்ட நீதிபதி எமெட் சல்லிவன் கட்டாயத்துக்குத் தடை போட்டார். எட்டே நாளில், டிசம்பர் 30 அன்று, மருந்துகளுக்கு உரிமம் தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. "மூச்சு வழித் தாக்குதலுக்கும் இது பொருந்தும்" என்று இறுதி விதியை வெளியிட்டது. தடை விலகியது. பொதுமக்கள் கருத்தைக் கேட்காமல் அவசரமாக விதி போட்டது செல்லாது என்று 2004 அக்டோபரில் அதே நீதிபதி மறுபடியும் தடை விதித்தார். 2005-ல் அவசரகால அனுமதியின் கீழ், விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் ஊசி தொடர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் எஃப்.டி.ஏ. முறையாகக் கருத்துக் கேட்டு முடிவை வெளியிட்டதும், 2006-ல் கட்டாயம் திரும்பியது.

இந்தக் கதையில் பலர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. தடை வருவதற்கு முன்பே மறுத்துத் தண்டனை பெற்றவர்களுக்கு அந்த வெற்றியால் பெரிய பயன் இல்லை. அப்படி ஒரு வீரரின் மேல்முறையீட்டை 2006-ல் ஆயுதப்படை மேல்முறையீட்டு நீதிமன்றம் விசாரித்து, அன்றைக்குக் கொடுத்த ஆணை செல்லுபடியானதே என்று தண்டனையை உறுதி செய்தது.

2021-க்கு வருவோம். ஆகஸ்ட் 23 அன்று ஃபைசரின் கொரோனா ஊசியான கொமிர்னாட்டிக்கு எஃப்.டி.ஏ. முழு உரிமம் தந்தது. மறுநாளே பாதுகாப்புச் செயலர் லாயிட் ஆஸ்டின் கட்டாய ஆணையில் கையெழுத்திட்டார். அந்த மெமோவில் கவனிக்க வேண்டிய வரி, முழு உரிமம் பெற்ற, அந்த உரிமத்துக்குரிய லேபிளோடு வரும் ஊசி மட்டுமே கட்டாயம் என்பது. ஆனால் கிளினிக்குகளில் இருந்த குப்பிகளில் பெரும்பாலும் அவசரகால அனுமதி லேபிளே ஒட்டியிருந்தது. இரண்டும் ஒரே கலவை, மாற்றிப் பயன்படுத்தலாம் என்றது படை. லேபிள் வேறு என்றால் சட்டத்தின் கண்ணில் மருந்தே வேறு என்றார்கள் மறுத்தவர்கள். வாதத்தில் சாரம் இல்லாமல் இல்லை. அவசரகால அனுமதி மட்டும் உள்ள ஊசியைக் கட்டாயமாக்க முடியாது என்பது சட்டத்திலேயே இருக்கிறது. ஆனாலும் இந்த வாதத்தை வைத்து இடைக்காலத் தடை கேட்டவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள். குப்பியின் லேபிளைப் படம் எடுத்து, லாட் எண்ணை (தயாரிப்புத் தொகுதியின் எண்) குறித்துவைத்துக்கொண்டு, உரிமம் பெற்ற ஊசி கிடைத்தால் போட்டுக்கொள்வேன் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்குக் கொஞ்சம் நேரம் கிடைத்தது. மொட்டையாக "இது சோதனை மருந்து" என்று மறுத்தவர்களுக்கு அதுவும் இல்லை.

மருத்துவ விலக்கு சத்தமில்லாமல் நடப்பது. முப்படைகளுக்கும் கடலோரக் காவல்படைக்கும் பொதுவான தடுப்பூசி விதிப்புத்தகம் ஒன்று 2013-லிருந்து இருக்கிறது. ராணுவத்தில் அதன் எண் 40-562. அதில் ஒவ்வொரு விலக்குக்கும் இரண்டெழுத்துக் குறியீடு. எம்.டி. என்று உச்சரிப்பில் ஒரே மாதிரி கேட்கும் இரண்டு உண்டு: ஒன்று (MT) தற்காலிக மருத்துவ விலக்கு, மற்றது (MD) நோயாளி தானே மறுத்தது. ஆங்கில எழுத்து வேறு, பலன் வேறு, ஆகவே பதிவில் எது ஏறியிருக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் கிளினிக்கை விட்டு வரக்கூடாது. தற்காலிக விலக்கு அதிகபட்சம் 365 நாள். கர்ப்பம், காய்ச்சல், நடந்துகொண்டிருக்கும் சிகிச்சை போன்றவற்றுக்கு. எம்.பி. நிரந்தரம். எம்.ஆர். என்பது முந்தைய டோஸில் கடுமையான எதிர்வினை வந்தவருக்கு. எம்.ஐ. என்றால் ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருப்பது ஆய்வுக்கூடச் சோதனையிலோ பழைய நோய்ப் பதிவிலோ தெரிகிறது என்று பொருள். சின்னம்மை, மஞ்சள்காமாலை பி போன்றவற்றில் எம்.ஐ. அன்றாடம் பயன்படுகிற குறியீடு. கொரோனா வந்து போனவர்கள் அதையே கேட்டபோது படை தரவில்லை, வழக்குப் போட்டும் கிடைக்கவில்லை.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. வெளியில் பார்த்த குடும்ப டாக்டரின் கடிதம் விலக்கு ஆகாது. அது ஆதாரம் மட்டுமே. படை மருத்துவர் அதைப் பார்த்து, ஒப்புக்கொண்டு, கணினியில் குறியீட்டை ஏற்ற வேண்டும். ராணுவத்தில் மெட்ப்ராஸ், விமானப்படையில் ஏசிம்ஸ், கடற்படையில் எம்.ஆர்.ஆர்.எஸ். என்று ஆளுக்கொரு அமைப்பு. அடுத்தது, எதிர்வினை வந்த அன்றே வேர்ஸ் என்ற பாதகவிளைவுப் பதிவில் ஏற்றாமல் விட்டவர்கள் ஒரு வருடம் கழித்து எம்.ஆர். கேட்டு நிற்கும்போது கையில் ஒன்றும் இருப்பதில்லை. கடைசியாக, தற்காலிக விலக்கின் தேதி முடிந்தால் கணினியில் பெயர் தானாகச் சிவப்பாகிவிடும். கமாண்டர் பார்ப்பது அந்தச் சிவப்பைத்தான், உங்கள் கோப்பை அல்ல. முடிவதற்கு ஒரு மாதம் முன்பே புதுப்பிக்கப் போக வேண்டும்.

பணி முடிய 180 நாளோ அதற்குக் குறைவாகவோ இருப்பவருக்கு நிர்வாக விலக்கு ஒன்றும் அதே புத்தகத்தில் இருக்கிறது. ஆபத்துப் பகுதியில் பணியில் இருக்கக்கூடாது, கமாண்டரும் பணித்தேவை என்று மறுத்திருக்கக்கூடாது. ஓய்வுக்குப் போகிறவருக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

சண்டை நடந்தது மத விலக்கில்தான். கொஞ்சம் பின்னணி தேவை. 1986-ல் யூதரான ஒரு விமானப்படை அதிகாரி சீருடையோடு குல்லா அணிய உரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் போய்த் தோற்றார். படையின் தேவையைப் படைதான் அறியும், நாங்கள் தலையிட மாட்டோம் என்றது நீதிமன்றம். அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதைச் சட்டம் போட்டு மாற்றியது. 1993-ல் வந்த மதச் சுதந்திர மீட்புச் சட்டம் இன்னும் அகலமானது, படைகளுக்கும் பொருந்தும். ஒருவர் தன் நம்பிக்கை உண்மையானது, இந்த ஆணை அதன்மேல் பெரிய சுமையை ஏற்றுகிறது என்று காட்டிவிட்டால் போதும். அதன்பிறகு நிரூபிக்கும் பாரம் அரசுக்கு மாறும்: தவிர்க்க முடியாத தேவை இருக்கிறது என்றும், அதற்கு இதைவிடக் குறைவான வழி இல்லை என்றும் காட்ட வேண்டும். அதுவும் பொத்தாம்பொதுவாக இல்லை. "இந்த ஆளுக்கு, இந்த வேலையில்" என்று. தாடி, தலைப்பாகையோடு மரைன் பயிற்சிக்குப் போக 2022 டிசம்பரில் சீக்கிய இளைஞர்களுக்கு வழி திறந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பும் இதே சட்டத்தின் மேல் நின்றதுதான்.

மனு எழுதும் முறை இதிலிருந்து தானாக வரும். எந்த நம்பிக்கை, அது எப்படி வாழ்க்கையில் நடைமுறையில் இருக்கிறது, இந்த ஊசி அதை எங்கே உரசுகிறது, ஊசிக்குப் பதிலாக எதையெல்லாம் செய்யத் தயார் (பரிசோதனை, தனி இருக்கை, வேறு பணியிடம்) என்று இரண்டு பக்கத்தில் எழுதினால் போதும். எந்தச் சபையில் உறுப்பினர் என்பது தேவையே இல்லை. ஆனால் சீராக இருக்க வேண்டும். கருக்கலைப்பிலிருந்து வந்த செல் வரிசைகளைக் காரணம் காட்டியவர்கள் ஏராளம். ஜான்சன் அண்ட் ஜான்சன் ஊசி பி.இ.ஆர்.சி6 செல்களிலேயே தயாராகிறது. ஃபைசரும் மாடர்னாவும் எச்.இ.கே. 293 செல்களைச் சோதனைக்கு மட்டும் பயன்படுத்தின. மனுவில் இந்த வேறுபாடு தெரியாமல் எழுதினால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். ரூபெல்லா ஊசியும் அப்படிப்பட்ட செல் வரிசையில் வளர்ந்ததுதான், படையில் சேரும்போது அதைப் போட்டுக்கொண்டீர்களே என்ற கேள்வி கட்டாயம் வரும். அன்றைக்குத் தெரியாது, இப்போது தெரிந்த பிறகு அதையும் போடமாட்டேன் என்று பதில் சொல்லலாம், ஆனால் அதை மனுவிலேயே சொல்லியிருக்க வேண்டும். 2022 ஜூலையில், இத்தகைய செல்கள் இல்லாமல் தயாராவதாகச் சொல்லப்பட்ட நோவாவாக்ஸ் ஊசிக்கு அனுமதி கிடைத்து, படையும் அதை விருப்பத் தேர்வாக வைத்த பிறகு, செல் வரிசை மட்டுமே காரணம் என்று எழுதியவர்களின் நிலை இன்னும் இறுகியது.

மனுக்களைக் கெடுத்ததில் முதலிடம் கலப்படத்துக்கு. இரண்டு பத்தி கடவுள், மூன்று பத்தி இதயத்தசை அழற்சி, ஒரு பத்தி அரசியல் சாசனம். படிப்பவர் பின்னதைப் பிடித்துக்கொண்டு "இது மதம் சார்ந்ததல்ல" என்று முடித்துவிடுவார். மருத்துவ அச்சம் இருந்தால் தனி மனு, தனி வழி. இணையத்தில் கிடைத்த மாதிரிக் கடிதத்தை அப்படியே ஒப்பித்தவர்கள் அடுத்த இடம்.

மனுவோடு படைப்பிரிவின் மதகுருவிடம் நேர்காணல் உண்டு. அவர் தீர்மானிப்பவர் இல்லை. நம்பிக்கை உண்மையானதாகத் தெரிகிறதா என்று குறிப்பு எழுதுவார். வழக்கமாக மதகுருவிடம் சொல்வது ரகசியம். இந்த நேர்காணல் அப்படி இல்லை, பேசியது கோப்பில் ஏறும். அதை அவர் முதலிலேயே சொல்லியாக வேண்டும். அதன்பிறகு டாக்டர் நோயின் ஆபத்தையும் ஊசியின் பலனையும் விளக்க வேண்டும். விலக்கு கிடைத்தால் பணியிடமும் வெளிநாட்டுப் பயணமும் பாதிக்கப்படலாம் என்று கமாண்டர் எச்சரிக்க வேண்டும். இரண்டுக்கும் தேதியோடு நகல் வாங்கிக்கொள்வது நல்லது.

முடிவெடுப்பவர் படைக்குப் படை வேறு. ராணுவத்தில் சர்ஜன் ஜெனரல் எனப்படும் தலைமை மருத்துவ அதிகாரி. அவர் மறுத்தால் மனிதவளத் துணைச் செயலரிடம் மேல்முறையீடு. விமானப்படையில் பெரும்பிரிவின் தளபதி, அதன்மேல் அந்தப் படையின் சர்ஜன் ஜெனரல். கடற்படையில் பணியாளர் பிரிவின் துணைத் தலைவர், அதன்மேல் கடற்படைத் தலைவர். பாதுகாப்புத் துறை விதி 1300.17-ன்படி, உள்நாட்டில் பணியில் இருப்பவரின் மனு 30 நாளுக்குள் தலைமைக்குப் போக வேண்டும், போனதிலிருந்து 60 நாளுக்குள் முடிவு. நடந்தது என்னவோ மாதக்கணக்கில். ஆனால் மறுப்பு வந்த பிறகு வீரருக்குக் கிடைத்த அவகாசம் மிகக் குறைவு. விமானப்படையில் 5 நாள், வார இறுதியையும் சேர்த்து. அதனால் மேல்முறையீட்டை முதல் மனு எழுதும்போதே பாதி எழுதிவைத்திருக்க வேண்டும். மறுப்புக் கடிதம் உங்கள் பெயரையும் பதவியையும் தவிர உங்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்றால் அதையே மேல்முறையீட்டின் முதல் வரியாக வைக்கலாம், ஏனென்றால் சட்டம் கேட்பது தனி ஆள் மதிப்பீட்டை.

வழக்குகள் ஜெயித்ததும் இந்தப் புள்ளியில்தான். கடற்படையின் சிறப்பு அதிரடிப் பிரிவான சீல் வீரர்கள் உட்பட 35 பேர் டெக்சாஸில் தொடுத்த வழக்கில், 2022 ஜனவரி 3 அன்று நீதிபதி ரீட் ஓ'கானர் இடைக்காலத் தடை கொடுத்தார். கடற்படையின் நடைமுறையில் 50 படிகள். முதல் பதினைந்து படிகளுக்குள்ளேயே மறுப்புக் கடிதத்தின் அச்சு தயாராகிவிடும். மனுவைப் படிப்பது அதற்குப் பிறகு. இதை அவர் நாடகம் என்றே எழுதினார். உள் வழிகள் எல்லாம் முடிந்த பிறகே நீதிமன்றம் வர வேண்டும் என்ற வழக்கமான தடையும், முடிவு முன்பே தெரிந்த வழியில் ஏன் நடக்க வேண்டும் என்பதால் இங்கே விலகியது. விமானப்படை வழக்கில் ஆறாவது சர்க்கியூட் என்ற மேல்முறையீட்டு நீதிமன்றம் எண்களை எடுத்துவைத்தது: சுமார் 10,000 மத மனுக்களில் 135 அளவுக்கே அனுமதி, அதுவும் ஏற்கெனவே பணியை விட்டுப் போக இருந்தவர்களுக்கு. அதே சமயம் மருத்துவ, நிர்வாக விலக்குகள் ஆயிரக்கணக்கில். பாதுகாப்புத் துறையின் உள் கண்காணிப்பைப் பார்க்கும் பொறுப்பு இன்ஸ்பெக்டர் ஜெனரலே 2022 ஜூனில் ஒரு மெமோவில் கணக்குப் போட்டார், ஒரு மனுவுக்குச் சராசரியாக 12 நிமிடம்தான் செலவழிந்திருக்கும் என்று.

ஆனால் தடை எதைத் தடுத்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2022 மார்ச் 25 அன்று உச்ச நீதிமன்றம் டெக்சாஸ் தடையின் ஒரு பகுதியை நிறுத்திவைத்தது. யாரை எந்தக் கப்பலில் அனுப்புவது, எந்தப் பொறுப்பில் வைப்பது என்ற முடிவில் ஊசி நிலையைக் கணக்கில் கொள்ளலாம் என்றது. ஆக, வேலையை விட்டு அனுப்ப முடியாது; ஆனால் சீல் வீரரை மேஜையில் உட்காரவைக்கலாம். பயிற்சி, பதவி உயர்வு எல்லாம் களப்பணியில்தான் என்பதால், கரியர் என்ற அளவில் இது சின்ன விஷயம் இல்லை. பிறகு கட்டாயமே ரத்தானதும் மேல் நீதிமன்றங்கள் வழக்குகளைச் செல்லாக்காசு என்று மூடின. விமானப்படை வழக்கின் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் நீக்கியும்விட்டது. இன்றைக்கு அதைக் கட்டுப்படுத்தும் முன்னுதாரணமாகக் காட்ட முடியாது. கடற்படை மட்டும் 2024-ல் சமரசத்துக்கு வந்து, மத மனு கொடுத்தவர்களின் கோப்புகளிலிருந்து பாதகமான குறிப்புகளை நீக்க ஒப்புக்கொண்டது. பலன் போய்ச் சேர்ந்தது மனு கொடுத்தவர்களுக்கு.

இந்தியாவில் நிலைமை எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரு பத்தி. அரசியலமைப்பின் 33-வது பிரிவு படையினரின் அடிப்படை உரிமைகளைச் சுருக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அமெரிக்காவில் இருப்பது போன்ற மத விலக்குச் சட்டம் இங்கே இல்லை. 2021-ல் ஜாம்நகரில் பணியிலிருந்த விமானப்படை கார்ப்போரல் ஒருவர் கொரோனா ஊசி மறுத்ததற்கு வந்த ஷோகாஸ் நோட்டீஸை எதிர்த்து குஜராத் உயர் நீதிமன்றம் போனார். பொதுமக்களுக்கு விருப்பம்தான், படையில் அது பணி நிபந்தனை என்றது விமானப்படை. நாடு முழுக்க மறுத்தவர்கள் ஒன்பது பேர் என்றும் சொன்னது. அந்த ஒன்பதில் வேலை போனது ஒருவருக்கு. அவர் நோட்டீஸுக்குப் பதிலே போடவில்லை. கோர்ட்டுக்குப் போன கார்ப்போரலின் விஷயத்தை மறுபடி பரிசீலிக்கச் சொன்னது நீதிமன்றம். 2022 மே 2-ல் உச்ச நீதிமன்றம் யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்று சொன்னது பொதுமக்கள் தொடர்பான வழக்கில்.

மீண்டும் அமெரிக்கா. விலக்கு மறுக்கப்பட்டு ஊசியும் போடவில்லை என்றால் நடப்பது படிப்படியானது. முதலில் எழுத்து மூலமான ஆலோசனைப் படிவம். அதில் கையெழுத்து என்பது "பெற்றுக்கொண்டேன்" என்பதற்குத்தான். கையெழுத்துப் போடாமல் முறுக்கிக்கொள்வதால் ஒரு லாபமும் இல்லை, "உடன்படவில்லை" என்ற கட்டத்தில் குறியிட்டு மனு நிலுவையில் இருப்பதை ஒரு வரியில் எழுதினால் அதுவே பின்னால் ஆதாரம். பிறகு ஜெனரல் தரத்தில் கண்டனக் கடிதமோ, நீதிமன்றம் இல்லாமல் கமாண்டரே விதிக்கும் பிரிவு 15 தண்டனையோ வரலாம். பிரிவு 15-ஐ ஏற்க மறுத்து கோர்ட் மார்ஷல் கேட்கும் உரிமை உண்டு, கப்பலில் பணியில் இருப்பவரைத் தவிர. கேட்பதற்கு முன் வக்கீலைப் பாருங்கள். கமாண்டரின் அலுவலகத்தில் இருக்கும் ராணுவ வக்கீல் உங்கள் வக்கீல் இல்லை, அவர் எதிர்த்தரப்பு. உங்களுக்கென்று இலவசமாக இருப்பவர் ராணுவத்தில் ட்ரையல் டிஃபென்ஸ் சர்வீஸ், விமானப்படையில் ஏரியா டிஃபென்ஸ் கவுன்சல், கடற்படையில் டிஃபென்ஸ் சர்வீஸ் ஆபீஸ். இதைக் குழப்பிக்கொண்டு எதிர்த்தரப்பிடம் மனம் திறந்தவர்கள் உண்டு.

பணிநீக்க நோட்டீஸ் வந்தால் பதிலுக்கு இரண்டு வேலை நாள் மட்டுமே கிடைக்கலாம். ஆறு ஆண்டோ அதற்கு மேலோ பணி இருந்தால் வாரிய விசாரணை கேட்க உரிமை உண்டு. நோட்டீஸோடு வரும் படிவத்தில் அந்தக் கட்டத்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டால் போயிற்று. ஆறுக்குக் குறைவானவருக்கு எழுத்துப் பதில் மட்டும். 2021 டிசம்பர் 27-ல் கையெழுத்தான பாதுகாப்பு அங்கீகாரச் சட்டத்தின் 736-வது பிரிவு ஒரு வேலியைப் போட்டது: கொரோனா ஊசி மறுத்ததற்காக மட்டும் அனுப்பினால் பணி முடிவுச் சான்று "ஆனரபிள்" (முழு மதிப்புடன்) அல்லது அதற்கு அடுத்த படியான "ஜெனரல்", அதற்குக் கீழே இறங்கக்கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஜெனரல் சான்று கிடைத்தவருக்கு முன்னாள் படையினர் மருத்துவம் உண்டு, படிப்புச் செலவுக்கான ஜி.ஐ. பில் கிடையாது. ஒரு பட்டப்படிப்பின் மொத்தச் செலவு அந்த ஒரு சொல்லில் போய்விடும்.

வெளியே வந்ததும் கையில் கிடைக்கும் டிடி 214 தாளில் 24 முதல் 28 வரையுள்ள கட்டங்களைப் பாருங்கள். 24 சான்றின் தரம், 25 எந்த அதிகாரத்தில் அனுப்பினார்கள், 26 பிரிவுக் குறியீடு, 27 மறுபடி சேரத் தகுதியா என்பது, 28 காரணம். பலருக்கு 26-ல் ஜே.கே.கியூ., 28-ல் கடுமையான ஒழுங்கீனம் என்று ஏறியிருந்தது. 24-ல் "ஆனரபிள்" என்று பார்த்து நிம்மதியாகப் போனவர், வேலைக்குப் போன இடத்தில் 28-ஆம் கட்டத்தால் மாட்டினார். தரத்தையும் காரணத்தையும் மாற்ற டிஸ்சார்ஜ் மறுபரிசீலனை வாரியத்துக்குப் படிவம் 293, 15 ஆண்டுக்குள். பதவி, சம்பளம், பணிக்காலம், மறுபடி சேர்ப்பு இவற்றுக்கு ஆவணத் திருத்த வாரியம். படிவம் 149, தவறு தெரிந்து 3 ஆண்டுக்குள். காரணம் காட்டினால் இந்த மூன்றைத் தளர்த்துவார்கள்.

கட்டாயம் முடிந்தது 2023 ஜனவரி 10 அன்று. 2022 டிசம்பர் 23-ல் கையெழுத்தான சட்டத்தின் 525-வது பிரிவு செயலருக்கு வேறு வழி வைக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டம் போனவர்களைத் திரும்ப எடுக்கச் சொல்லவில்லை. அது 2025 ஜனவரி 27 அன்று அதிபர் ட்ரம்பின் ஆணையில்தான் வந்தது: ஊசி மறுத்ததற்காக மட்டும் அனுப்பப்பட்டவர்கள் கேட்டால் பழைய பதவியோடும் நிலுவைச் சம்பளத்தோடும் சேர்க்க வேண்டும், ஊசிக்குப் பயந்து தாமாக வெளியேறியவர்கள், காரணம் அதுதான் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் பதவி, ஊதியம் குறையாமல் திரும்பலாம். இவர்களுக்கு நிலுவை கிடையாது. "மட்டும்" என்ற சொல்லில் சிலர் அடிபடுவார்கள். முகக்கவச மீறலோ வராமல் இருந்ததோ கோப்பில் சேர்ந்திருந்தால் அது தனிச் சண்டை. நிலுவையும் முழுதாக வராது: இடையில் வெளியே சம்பாதித்ததைக் கழித்துக்கொள்வார்கள். வருமான வரித் தாள்களையும் சம்பளச் சீட்டுகளையும் சேர்த்துவைக்காதவர் கணக்கில் நஷ்டப்படுவார்.

வாரியம் ஒத்துவராவிட்டால் சம்பளத்துக்கு, அரசிடம் பணம் கோரும் வழக்குகளுக்கான ஃபெடரல் கிளெய்ம்ஸ் நீதிமன்றம் இருக்கிறது, கெடு 6 ஆண்டு. இந்த ஆறு வெளியேற்றப்பட்ட நாளிலிருந்தே ஓடும். ஆவணத் திருத்த வாரியத்தில் மனு கிடக்கிறது என்பதற்காகக் கடிகாரம் நிற்காது. 2003-லேயே அதன் மேல்முறையீட்டு நீதிமன்றமான ஃபெடரல் சர்க்கியூட் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2022 ஏப்ரலில் வெளியேறியவர் வாரியத்தின் பதிலுக்காகக் காத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் 2028 ஏப்ரலுக்குள் அங்கே வழக்கைப் பதிந்தாக வேண்டும். பகுதிநேரப் படைகளான ரிசர்வ், நேஷனல் கார்ட் ஆட்கள் இந்த வழியை நம்பிப் பணம் செலவழிப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். கலந்துகொள்ளாத பயிற்சி நாட்களுக்குச் சம்பளம் கேட்க முடியாது என்பது அந்த நீதிமன்றத்தில் நெடுநாள் நிலைப்பாடு.